மூத்த கம்பைலர் வாய் திறக்கவில்லை

பொது சி லைப்ரரிப் பராமரிப்பு மன்றத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு கழிப்பறை. அதன் கதவில், "இது பழுதடைந்தது. பயன்படுத்துவதைத் தவிர்க்கவும். பழைய உபயோகிப்பாளர்களின் வசதிக்காகத் தொடர்ந்து திறந்திருக்கும்" என்று அழகான எழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். பழைய உபயோகிப்பாளர்கள் மனம்போல உபயோகித்திருந்தார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. நம் ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு அட்டையைப் படித்தான். மன்றத்தின் லட்சணம் மொத்தமும் அந்த அட்டையிலேயே இருந்தது. பாவம், அவனுக்கு அப்போது விளங்கவில்லை. மாடியேறிப் போய்விட்டான்.

நம் ஆள், மருத்துவமனைகளில் நோயாளியின் நரம்புக்குள் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற பம்புகளுக்கு, 'சி' என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறவன். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. அடிக்கடி வேண்டிய சில்லறை வேலைகளுக்கெல்லாம் யாரோ முன்னாலேயே எழுதிவைத்த குட்டி புரோகிராம்கள், அதாவது ஃபங்ஷன்கள், உண்டு. அவற்றை மொத்தமாகச் சேர்த்து வைத்த இடம் லைப்ரரி. எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அந்த லைப்ரரியைக் கட்டிக் காக்கிறோம், எல்லாக் கம்பைலர்களோடும் ஒத்துப்போக வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு மன்றம் கொழுத்திருந்தது.

லைப்ரரியில் 'நகல்' என்று ஒரு பழைய ஃபங்ஷன். ஓரிடத்தில் இருக்கும் எழுத்துகளை இன்னோர் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது அதன் வேலை. கொட்டுகிற இடம் கொள்ளுமா கொள்ளாதா என்று பார்க்கிற பழக்கம் அதற்கு இல்லை. டம்ளரில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிட்டுப் போய்விடும். பம்பின் நினைவில் நோயாளியின் பெயருக்கு ஒரு பெட்டி, அதை ஒட்டினாற்போல் மருந்து போகும் வேகத்துக்கு ஒரு பெட்டி. பெயர் நீளமாக இருந்தால் மிச்ச எழுத்துகள் வழிந்து வேகப் பெட்டிக்குள் விழும். வேகம் கன்னாபின்னாவென்று ஏறிவிடும். இதைக் கண்டுபிடித்தவன் நம் ஆள்தான்.

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னான். முதலாளி பதறவில்லை.

"நகல் மன்றம் அங்கீகரிச்ச ஃபங்ஷன்ப்பா. நல்லா இருக்கிறதை எதுக்கு மாத்தினேன்னு, பம்புக்கு லைசென்ஸ் குடுத்த மருத்துவக் கருவி அலுவலகத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? லைசென்ஸைப் பிடுங்கிடுவான். மன்றமே அதை டெப்ரிகேட் பண்ணட்டும். மறுநாளே மாத்திடலாம்."

டெப்ரிகேட் பண்ணுவது என்றால், 'இதை இனி யாரும் தொடாதீர்கள், ஒருநாள் தூக்கிவிடுவோம்' என்று ஒரு ஃபங்ஷனுக்கு முத்திரை குத்துவது. குத்தியபின் யாராவது அதைப் பயன்படுத்தினால் கம்பைலர் எச்சரிக்கை காட்டும். இதற்கு என்ன, ஒரு வரி வேலை என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டான்.

அவனுக்கு அவசரம் இருந்தது. அவனுடைய அக்காவுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அந்த ஆஸ்பத்திரி முழுக்க இவர்களுடைய பம்புதான். அக்காவின் பெயரோ ஒரு முழ நீளம். எந்த அத்தைக்கும் மனக்குறை வரக்கூடாது என்று அப்பா இரண்டு அத்தைகளின் பெயரையும் சேர்த்து வைத்தார். கல்யாணமானபின் மாமாவின் பெயர் வேறு ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையில் உள்ளபடிதான் பெயர் பதிவோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மாடியில் ஓய்வுப் பிரிவு. ஃபங்ஷன்களுக்கு ஓய்வு கொடுக்கிற பிரிவு. சுவர் முழுக்க ஃபங்ஷன்களின் வரிகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டியிருந்தார்கள். அதிகாரி அம்மாள் நல்லவராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார்.

"நகல் ஃபங்ஷனை நீக்கணும் மேடம்."

அம்மாள் சட்டென்று கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க தம்பி. அந்த வார்த்தையெல்லாம் இங்க சொல்லக்கூடாது. மாட்டியிருக்கிறதெல்லாம் கேக்குமில்ல?"

"சரி மேடம், டெப்ரிகேட்."

"அது சொல்லலாம். தாராளமாச் சொல்லலாம்."

"இதுவரைக்கும் எத்தனை ஃபங்ஷனுக்கு ஓய்வு குடுத்திருக்கீங்க?"

"ஒண்ணுக்கும் இல்ல. அதான் எங்க பெருமை. இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எங்க மேல ஒரு புகார் கிடையாது. ஆனா வருஷா வருஷம் வழியனுப்பு விழாவுக்கு ஒத்திகை பாத்துடுவோம். பேச்சு, கைதட்டல், சாப்பாடு, எல்லாம் குறைவில்லாம நடக்கும். ஃபங்ஷன் மட்டும் போகாது."

"எச்சரிக்கையாவது காட்டலாம் இல்ல மேடம்?"

"காட்டினோமே! ஒருகாலத்துல சிலதுக்குக் காட்டினோம். திரை பூரா எச்சரிக்கையா வருது, தலைவலிக்குதுன்னு ஒரே கூச்சல். அதனால எச்சரிக்கையை மறைக்க ஒரு சுவிட்ச் வச்சோம். அப்புறம் அந்த சுவிட்ச் பழசாயிடுச்சு. அதைப் போட்டா, இது பழைய சுவிட்ச்னு ஒரு எச்சரிக்கை வந்துச்சு. அதை மறைக்க இன்னொரு சுவிட்ச். இப்ப சுவிட்சுக்குன்னே தனியா ஒரு பிரிவு இருக்கு. என் தங்கை வீட்டுக்காரர்தான் அதுக்குத் தலைமை." அம்மாளின் முகம் மலர்ந்தது. "இப்ப லைப்ரரியை இறக்கினாலே எல்லா சுவிட்சும் போட்டபடிதான் வரும். யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல."

அம்மாள் அவனை ஒத்திசைவுப் பிரிவுக்கு அனுப்பினார். எல்லாக் கம்பைலரும் ஒத்துக்கொண்டால்தான் இனி எதற்கும் முத்திரை என்று புதிதாக விதி வந்திருந்ததாம்.

ஒத்திசைவுப் பிரிவில் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கம்பைலருக்கு முத்திரை ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் இருக்க வேண்டும், இன்னொன்றுக்குப் பின்னால். முன்னால்காரர்கள் ஜன்னல் பக்கமும் பின்னால்காரர்கள் வாசல் பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீ வாங்கக்கூடத் தனித்தனியாகப் போனார்கள். இரண்டு பக்கமும் குத்திவிட்டால் என்ன என்று நம் ஆள் வாயை விட்டான். இரண்டு தரப்பும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அவனை முறைத்தன. பிறகு சம்மதம் என்று ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எதிர்த் தரப்பு முதலில் போட்டுவிடக்கூடாதே என்று இரண்டு பேனாவும் ஒரே சமயத்தில் ஓடின.

"இனி மூத்த கம்பைலர் மட்டும்தான் பாக்கி" என்றார் பிரிவுத் தலைவர். கழுத்துவரை பொத்தான் போட்ட ஒல்லி மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் ஒத்துக்கிட்டா முடிஞ்ச மாதிரிதான்."

மூத்த கம்பைலர் ஒரு தனி அறையில் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாதாம். துணியை விலக்கியதும் ஒரு பழைய மெஷின் தெரிந்தது. திரை கறுப்பாக இருந்தது. மின்சார வயரின் முனையை எலி கடித்துத் தின்றிருந்தது. மேசையெங்கும் எலிப்புழுக்கை. ஒல்லி மனிதர் அதைக் கைக்குட்டையால் மரியாதையோடு ஒதுக்கிவிட்டு, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். தட்டி முடித்துவிட்டுக் கறுப்புத் திரையை உற்றுப் பார்த்தார்.

"பிழை ஏதாவது வருதா?"

"இல்ல" என்றான் நம் ஆள்.

"அதான். இவர்கிட்ட எதைக் குடுத்தாலும் பிழையே வராது. புதுசா சேத்த ஃபங்ஷன் அத்தனையும் இவர் பாத்து அனுப்பினதுதான். ஒண்ணைக்கூடத் திருப்பினதில்ல. தங்கமான மனசு." மறுபடி திரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஆனா உங்க விஷயம் வேற. முத்திரை குத்தினா எச்சரிக்கை வரணும். வரலையே?"

"சார், மெஷின் ஓடவே இல்லையே!"

"ஓடலன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"வயரே இல்ல சார். பாருங்க, எலி கடிச்சிருக்கு."

"தம்பி, ஓடலன்னா 'ஓடல'ன்னு ஒரு பிழை காட்டியிருக்கும். காட்டலையே. அப்ப ஓடுதுன்னுதானே அர்த்தம்? ஓடியும் எச்சரிக்கை குடுக்கலன்னா, உங்க முத்திரையில அவருக்குச் சம்மதமில்ல." துணியை எடுத்துப் பதமாகப் போர்த்தினார். "பெரியவங்க வேண்டாம்னா அதுல ஒரு காரணம் இருக்கும்."

நம் ஆள் அன்று வீட்டுக்குப் போனதும் குளித்தான். சோப்பு தேய்ந்ததே தவிர அருவருப்பு போகவில்லை. அக்கா போன் பண்ணி, "என்னடா ஆச்சு உன் ஃபங்ஷன்?" என்று கேட்டாள்.

"பெரியவர் சம்மதிக்கலக்கா."

"எந்தப் பெரியவர்?"

"கரண்ட் இல்லாத ஒரு பெரியவர்."

"உனக்கு ஜுரமாடா?" என்றாள் அக்கா.

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. மன்றத் தலைவரும் உறுப்பினர்களும் நேரில் கேட்பார்கள். நம் ஆள் பம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். எல்லோர் கண் முன்னாலும் குட்டிப் பெயர் ஒன்றைப் போட்டுக் காட்டினான். பம்ப் சாதுவாகச் சொட்டியது. அக்காவின் பெயரைப் போட்டான். வேகம் பிய்த்துக்கொண்டு ஏறி, புட்டித் தண்ணீர் முழுக்கத் தலைவரின் மேசையில் கொட்டி, அவருடைய மடி வரைக்கும் ஓடியது. இனி என்ன, காரியம் முடிந்தது என்று நம் ஆள் நிமிர்ந்தான்.

தலைவர் நனைந்த தன் கால்சட்டையைப் பார்த்தார். கோபப்படவில்லை. கண்களில் நீர் முட்டியது.

"இந்த நகலை எழுதினது யார்னு தெரியுமா தம்பி? நான்தான். அப்ப எனக்குக் கல்யாணம்கூட ஆகல." உறுப்பினர்கள் தலைகுனிந்தார்கள். "அந்தக் காலத்துல ஜனங்க அளவாப் பேரு வச்சாங்க. இப்ப ஆளாளுக்கு நீட்டி முழக்கறாங்க. அது என் குழந்தை தப்பா? பேரை ஒழுங்கா வைக்கத் தெரியாதவனுக்காக ஒரு நல்ல ஃபங்ஷன் மேல களங்கம் சுமத்தணுமா?"

"சார், உயிர் போயிடும் சார்."

"போயிருக்கா? நீங்க சொல்றபடி பாத்தா இத்தனை வருஷத்துல எத்தனை பேர் போயிருக்கணும்! அதுல ஒருத்தராவது மன்றத்துக்கு வந்து புகார் குடுத்ததுண்டா?" செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் இல்லை என்று தலையாட்டினார். "சும்மா சொல்லக்கூடாது, எங்க கதவு எந்நேரமும் திறந்துதான் இருக்கு."

கைதட்டல் எழுந்தது. ஒரு பெண் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் ஆள் பம்பை அணைத்துப் பையில் போட்டான்.

ஆனால் மன்றம் சும்மா இருந்துவிடவில்லை. மனிதாபிமானம் மிக்க அமைப்பு அல்லவா? பம்பில் ஏற்றும் பெயர்களின் நீளம் பெட்டிக்கு மேல் போகக்கூடாது என்று தீர்மானம் போட்டு, எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பியது. நீளப் பெயர்கள் டெப்ரிகேட் செய்யப்பட்டன. மன்றத்தின் வரலாற்றில் டெப்ரிகேட் ஆன ஒரே சமாசாரம் அதுதான். ஓய்வுப் பிரிவு அம்மாள் போன் பண்ணி, இந்த வருஷம் விழாவில் ஒத்திகை கிடையாது, நிஜமாகவே நடக்கிறது, சாப்பிட வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார்.

ஆபரேஷன் நாளன்று பதிவு கவுன்ட்டரில் இருந்த பெண் அக்காவின் அட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"பேர் ஜாஸ்தியா இருக்கும்மா. குறைக்கணும்."

"எந்த அத்தையை விடுறது?" என்றாள் அக்கா. "பெரியத்தை கேட்டா என் தலையை உருட்டிடுவா. சின்னத்தை அழுதே கொன்னுடுவா. மாமாவைத் தூக்கிடலாமாடா? அவருதான் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மாமா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு அத்தைகளுக்கும் பாதிப் பாதி போட்டு, மாமாவுக்கு ஓரெழுத்து மிச்சம் வைத்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரை அக்காவின் கையில் கட்டினார்கள். நம் ஆளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அக்கா பிழைத்துக்கொள்வாள் என்று நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி எழுந்ததே, அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மதியம் அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய பம்ப் சாதுவாகச் சொட்டியது. அப்போது பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். சாரம் சரிந்து விழுந்த கொத்தனார். நினைவில்லை. கூட வந்த மனைவி, கேட்டவர்களுக்கெல்லாம் அவருடைய பெயரை அப்பன் பாட்டன் பெயரோடு முழுசாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முழுசாகச் சொன்னால் நன்றாகக் கவனிப்பார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நர்ஸ் அதை அப்படியே பம்பில் ஏற்றினாள்.

"சிஸ்டர், பேரைச் சுருக்குங்க!" என்று நம் ஆள் எழுந்தான்.

"நினைவில்லாதவங்க பேரை அவங்க சம்மதம் இல்லாமச் சுருக்கக்கூடாதுன்னு தீர்மானத்துலயே இருக்கு சார். அவங்களுக்கு விலக்கு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த வார்டுக்கு ஓடினாள்.

பம்பின் எண் ஏற ஆரம்பித்தது. நம் ஆள் பாய்ந்துபோய்க் குழாயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தான். கத்தினான். பம்ப் உறுமியது. நர்ஸும் டாக்டரும் ஓடிவந்து ஊசியைப் பிடுங்கியதற்கு அப்புறம்தான் விரலை எடுத்தான். கொத்தனாருக்கு மூச்சு இருந்தது. மனைவி நம் ஆளின் காலைப் பிடிக்கக் குனிந்தாள். அவன் தடுத்துவிட்டு, நடந்ததை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டான்.

அடுத்த நாளே டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனான். இனி இவர்களால் தப்பிக்க முடியாது. ஆள் சாகப்போனதை டாக்டரே பார்த்திருக்கிறார். தலைவர் முழுவதையும் படித்தார். எழுந்து வந்து நம் ஆளை இறுகக் கட்டிக்கொண்டார்.

"தம்பி, நீங்க மன்றத்தோட மானத்தைக் காப்பாத்திட்டீங்க!"

"அப்ப நகலை..."

"நகலுக்கு என்ன? உங்களாலதான் அது நிரபராதின்னு நிரூபணம் ஆயிருக்கு!" உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? ஆபத்து வந்துச்சு. ரெண்டு விரலால நின்னுபோச்சு. ரெண்டு விரலால நிறுத்த முடியற ஒண்ணை அபாயம்னு எப்படிச் சொல்றது? லைப்ரரியில ஒரு வரி மாத்தல, ஒரு கம்பைலர் மனசு கோணல, உயிரும் போகல. இதைவிட ஒத்திசைவு வேற என்ன வேணும்?"

ஒல்லி மனிதர்தான் முதலில் கைதட்டினார்.

"சார், அது நான் அங்க இருந்ததால!"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். யாராவது இருக்கணும்." தலைவர் செயலாளரைப் பார்த்து விரலை ஆட்டினார். "எழுதிக்குங்க. நீளப் பேரு இருக்கிற நோயாளிக்குப் பக்கத்துல, விரல் நல்லா இருக்கிற ஒரு உறவுக்காரர் எந்நேரமும் குழாயைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணும். பேரைச் சுருக்கற தீர்மானமும் இனி வேண்டாம். ஜனங்க மனசைப் புண்படுத்தக்கூடாது. போன்லயே எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லிடுங்க."

நம் ஆள் என்ன பேசினான் என்று அவனுக்கே நினைவில்லை. கெட்ட வார்த்தைகள் பேசியதாகச் செயலாளர் குறித்துக்கொண்டார். வாசலில் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது தீர்மானம் அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. வார்டு முழுக்கக் கட்டிலுக்குக் கட்டில் உறவுக்காரர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு குழாயை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, பம்பின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கையில் முழுப் பெயரையும் திரும்பக் கட்டியிருந்தார்கள். அவள் தூங்கிக்கொண்டிருக்க, மாமா குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொத்தனாருக்கு வேறொரு பம்ப் மாட்டியிருந்தார்கள். அதுவும் இவர்களுடைய பம்ப்தான். அவருடைய மனைவி இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்தாள். விபத்து நடந்ததிலிருந்து அவள் படுக்கவில்லை. தலை முன்னால் சரிவதும் திடுக்கிட்டு நிமிர்வதுமாக இருந்தாள். நம் ஆள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்கிட்ட குடுங்கம்மா. நான் பிடிச்சுக்கிறேன். நீங்க கொஞ்சம் தூங்குங்க."

அவள் உடனே கொடுத்துவிடவில்லை. சிவந்த கண்ணை விரித்து, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க தூங்கிட்டா?" என்று கேட்டாள்.